பதினான்காம் கேள்வியில் சுற்றிய ஈ

அச்சகத்தில் அவளை எல்லோரும் கமாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாள் ஒன்றில் "சாப்பாட்டுக்கு முன் வேண்டாம், பின் இரண்டு மாத்திரை" என்று இருக்க வேண்டியது, "சாப்பாட்டுக்கு முன், வேண்டாம் பின் இரண்டு மாத்திரை" என்று அச்சாகியிருந்தது. நாலு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, தாள் இயந்திரத்தில் ஏறியாகிவிட்டது. தொலைபேசி எடுப்பதற்காக வாசல் மேசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த இருபத்து நாலு வயதுப் பெண் எழுந்து போய், "சார், இந்தக் கமா தப்பான வீட்டுக்குக் குடிபோயிருக்கு" என்றாள். முதலாளி இயந்திரத்தை நிறுத்தினார். மறுநாள் அவளைத் தொலைபேசியிலிருந்து கழற்றி, ஜன்னலோரம் ஒரு மேசையும் ஒரு சிவப்புப் பேனாவும் ஒரு அடிக்கோலும் கொடுத்து, புரூஃப் பார்க்க வைத்தார்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அதே ஜன்னல், அதே மேசை. பேனா மட்டும் மாறிக்கொண்டே வந்தது. பள்ளிப் பாடநூல், விலைப்பட்டியல், தையல் இயந்திரக் கையேடு, பேருந்துக் கால அட்டவணை என்று எது வந்தாலும் கமாக்கா ஒரே மாதிரிதான் படிப்பாள். வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. கால அட்டவணை என்றால் ஒவ்வொரு பேருந்திலும் மனசுக்குள் ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத்தான் இறங்குவாள். அப்படித்தான் ஒருமுறை, புறப்படுவதற்கு எட்டு நிமிஷம் முன்னாலேயே ஊர்போய்ச் சேர்ந்துவிடும் பேருந்து ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

வீட்டில் அவள் கணவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வாய் திறந்தால் கிண்டல்தான். "இவ சோப்பு உறையைக்கூடப் படிச்சு முடிச்சுட்டுத்தான் குளிக்கப் போவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அது பொய்யும் இல்லை.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவள் மேசைக்கு அந்தப் புத்தகம் வந்தது. "ஈக்கொல்லிப் பூஞ்சைகள்: இனங்காணும் கையேடு." எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நாற்பது வருஷம் செத்த ஈக்களோடு வாழ்ந்தவர். மாட்டுப்பண்ணை, கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் களத்தில் சுற்றும் வேளாண் அதிகாரிகளுக்கும் உதவட்டும் என்று எழுதியிருந்தார். ஈக்களைக் கொல்ல மருந்தைக் கொட்டுவதற்கு முன்னால், ஈக்கள் தானாகச் சாகின்றனவா, எந்தப் பூஞ்சையால் சாகின்றன என்று பார்த்துக்கொள்ளலாம் அல்லவா.

கமாக்காவுக்கு ஈ என்றால் விரட்ட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் அவள் அடிக்கோல் கொஞ்சம் மெதுவாகிவிட்டது. பூஞ்சையின் வித்து ஒன்று ஈயின் மேல் வந்து விழுகிறது. தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. சில நாளில் வயிறு முழுக்க அதுதான். சூரியன் மறைகிற நேரமாகப் பார்த்து அந்த ஈக்கு எங்கேயாவது உயரமாக ஏற வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஏறுகிறது, வாயை நீட்டி ஏறிய இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது, சிறகை உயர்த்துகிறது, சாகிறது. பிறகு வயிற்று மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டைகள் பிதுங்கி, வித்துக்களைச் சுற்றிலும் சுட்டுத் தள்ளுகின்றன. போதாததற்கு, செத்த பெண் ஈயை உயிருள்ளது என்று நினைத்து ஆண் ஈக்கள் வேறு தேடி வந்து மாட்டிக்கொள்ளுமாம்.

அதை அன்று வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கினார். "பாவம்மா. எங்க இனத்தையே கேவலப்படுத்தாதே" என்றார்.

புத்தகத்தின் உயிர் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. முப்பத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள். விடையைப் பொறுத்து இன்ன எண்ணுக்குப் போ என்று இருக்கும், அல்லது பூஞ்சையின் பெயர் வந்து நிற்கும். பேராசிரியர் இதற்குத் திறவுகோல் என்று பெயர் வைத்திருந்தார். கமாக்காவுக்கு இது பேருந்துக் கால அட்டவணைதான். முதல் கேள்வியில் ஏறி உட்கார்ந்தாள். எல்லாப் பாதையிலும் போய்ப் பார்த்தாள். பதினோராம் கேள்வி, மணி வடிவ வித்துக்குள்ளே இருக்கும் உட்கருக்கள் பத்துக்கு மேலா கீழா என்று கேட்டது. மேல் என்றால் 12. கீழ் என்றால் 14. பதினாலாம் கேள்வி, வித்தின் கூர்முனை நீளமா குட்டையா என்றது. நீளம் என்றால் 15. குட்டை என்றால் 11.

மறுபடி பதினொன்று. அங்கிருந்து மறுபடி பதினாலு.

பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "சுற்றிச் சுற்றி வருகிறதே, சரிபார்க்கவும்" என்று எழுதி அனுப்பினாள். ஒரு வாரத்தில் தாள் திரும்பி வந்தது. அவள் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரே சொல்: "சரியே."

தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், அச்சகத்திலிருந்து பேசறேன். புரூஃப் பாக்கறவ. அந்தப் பதினாலாம் கேள்வி..."

"எழுதியிருந்தேனே. சரிதான்."

"குட்டை முனைன்னா பதினொண்ணுக்குத் திரும்பிப் போகுது சார். அங்க போனா மறுபடியும் இங்கயே வந்துருது."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அம்மா, நீங்க எழுத்துப்பிழையைப் பாருங்க. பூஞ்சையை நான் பாத்துக்கறேன். நாப்பது வருஷமா பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்று முழுக்க ஒரு பக்கம்கூட உருப்படியாக ஓடவில்லை. எண் தப்பா, கேள்வியே தப்பா, இல்லை தனக்குத்தான் புரியவில்லையா? எண்தான் தப்பு என்றால் எந்த எண் சரி? அதைத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. ஈயை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஈக்கு அவள் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. அச்சகத்தின் பின்பக்கம் டீ குடிக்கும் அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் வருஷா வருஷம் இந்தப் பருவத்தில் நாலைந்து ஈக்கள் ஒட்டிக் கிடக்கும், சுற்றிலும் வெள்ளையாக மாவு மாதிரி. தாள் வெட்டுகிற தூசி என்று நினைத்து எத்தனையோ முறை அவளே ஈரத்துணியால் துடைத்துப் போட்டிருக்கிறாள். அன்று டீக் கோப்பையோடு கிட்டே போய்ப் பார்த்தாள். சிறகு இரண்டும் மேலே. வாய் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. வயிற்றில் வரி வரியாக வெள்ளை. இரண்டாம் அத்தியாயம் அப்படியே ஜன்னலில் ஒட்டியிருந்தது.

அதை ஒரு திருகாணி டப்பாவில் பெயர்த்துப் போட்டுக்கொண்டு நேராக நாத்தனாரிடம் போனாள். கணவரின் தங்கை, பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினேழு வருஷமாக ரத்த அணுக்களை எண்ணிக்கொண்டிருப்பவள். அவளிடம் நல்ல நுண்ணோக்கி இருந்தது, அதைவிட நல்ல கண்ணும் இருந்தது.

நாத்தனார் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அண்ணி, என்ன இது?"

"ஈ."

"அது தெரியுது. ஏன்னு கேக்கறேன்."

கமாக்கா ஆதியோடந்தமாகச் சொன்னாள். பச்சை மையில் எழுதியிருந்த "சரியே" வந்ததும் நாத்தனாருக்கே ரோஷம் வந்துவிட்டது. "எழுத்துப்பிழையைப் பாருன்னாரா? சரி, கொண்டாங்க." ஆனால் அந்த ஈ பிரயோஜனப்படவில்லை. செத்து நாளாகி, வித்துக்கள் காய்ந்து சுருங்கிவிட்டன. "புதுசா ஒண்ணு வேணும் அண்ணி. செத்த அன்னிக்கே பிடிக்கணும்" என்றாள்.

ஆகவே அடுத்த நான்கு நாள் கமாக்கா வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பாமல் டீ அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஈ ஓட்டுகிறாளா என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். ஐந்தாம் நாள் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு ஈ சட்டத்தின் ஓரமாக மேலே நடந்தது. பறக்கவில்லை, நடந்தது. குடித்தவன் மாடிப்படி ஏறுவதுபோல் நின்று நின்று ஏறியது. முக்கால் உயரத்தில் நின்றது. வாயை மெல்ல இறக்கிக் கண்ணாடியைத் தொட்டது. அப்புறம் இரண்டு முறை காலை இழுத்துப் பார்த்தது, வரவில்லை. சிறகு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல், மேலே எழும்பி நின்றுவிட்டது.

அவள் பேருந்தைத் தவறவிட்டாள். இத்தனை வருஷம் எழுத்தை மட்டுமே பார்த்தவளுக்கு, படித்த வரி ஒன்று கண்முன்னால் நடந்து போய்ச் செத்தது என்னவோ செய்தது. பாவமாகவும் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பாவப்பட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே ஈயை ஒரு மூடிய டப்பாவில் ஈரப்பஞ்சின் பக்கத்தில் வைத்து, கீழே ஒரு கண்ணாடிச் சில்லை வைத்தாள். டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது என்பதில் ஒரு சின்ன சண்டை நடந்தது. சமையலறை கூடாது என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அவருடைய கருவிப்பெட்டி மேல் இடம் கிடைத்தது. "ஈயடிச்சான் காப்பி கேள்விப்பட்டிருக்கேன். ஈப்பிடிச்சான் புரூஃபை இப்பத்தான் பாக்கறேன்" என்றபடியே, டப்பா ஆடாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் வளையம் வைத்துக் கொடுத்தார்.

காலையில் கண்ணாடிச் சில்லின் மேல் மூச்சு விட்டாற்போல வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது.

பரிசோதனைக் கூடத்திலிருந்த சாயம் எதுவும் சரிப்படவில்லை. முதல் சில்லு மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி நீலமாகிவிட்டது. இரண்டாவதில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் நாத்தனாருக்கு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் வெங்காய வேரை நசுக்கி உட்கருவைக் காட்டுவார்களே, அதற்கு ஒரு சிவப்புச் சாயம் உண்டே. தெருக்கோடியில் இருக்கும் அறிவியல் ஆசிரியையிடம் ஒரு சின்னப் புட்டி வாங்கி வந்தாள். மறுநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாக்களை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு, மூன்றாவது சில்லை ஏற்றினார்கள்.

"அண்ணி, வந்து பாருங்க."

கமாக்கா குனிந்து பார்த்தாள். குட்டிக் குட்டி மணிகள். ஒவ்வொரு மணிக்கும் உச்சியில் மொட்டையாக ஒரு முனை. உள்ளே சிவப்புப் புள்ளிகள். அவளுக்குப் புள்ளி எண்ணச் சொல்லித்தரவா வேண்டும்? முற்றுப்புள்ளிக்கும் தூசிக்கும் வித்தியாசம் பார்த்தே காலம் தள்ளியவள். நாத்தனார் ஒன்று சொல்ல, அவள் தனியாக ஒன்று எண்ண, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் எழுதினார்கள். ஐந்து, நாலு, ஆறு, ஐந்து. ஐம்பது வித்துக்கள். பத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

ஆக, அவளுடைய ஈக்கு உட்கரு பத்துக்குக் கீழ், முனை குட்டை. பேராசிரியரின் புத்தகத்தில் அந்த ஈக்குப் பெயரே கிடையாது. பதினொன்றுக்கும் பதினாலுக்கும் நடுவே காலம் முழுக்க நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்த வாரம் கடைசிக் கையெழுத்துப் போட பேராசிரியரே அச்சகத்துக்கு வந்தார். உயரமான மனிதர், நரைத்த புருவம், சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. முதலாளியின் அறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். கமாக்கா திருகாணி டப்பாவோடு உள்ளே போனாள்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒரு உதவி. இந்த டப்பாவுல ஒரு ஈ இருக்கு. அது எந்தப் பூஞ்சைல செத்துச்சுன்னு சொல்லணும்."

"குடுங்க, பாத்ததும் சொல்லிர்றேன்."

"பாக்காம சொல்லுங்க சார். ஈ எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க புத்தகத்துல இருக்கற கேள்விய மட்டும் கேளுங்க. நான் பதில் சொல்றேன்."

முதலாளி நெளிந்தார். ஆனால் பேராசிரியருக்கு அது பிடித்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தேர்வு வைத்தவரை யாரோ தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து கணீரென்று வாசித்தார். சிறகு? "மேல." வாய்? "ஒட்டியிருக்கு." வித்து வடிவம்? "மணி." பதினொன்று வந்தது. உட்கரு?

"பத்துக்குக் கீழ சார். ஐம்பது வித்து எண்ணினோம். தாள் இருக்கு."

அவர் புருவத்தை உயர்த்தினார். "பதினாலு. கூர்முனை நீளமா, குட்டையா?"

"குட்டை."

"குட்டைன்னா... பதினொண்ணு." பக்கத்தைத் திருப்பினார். "உட்கரு பத்துக்குக் கீழ. பதினாலு. குட்டை. பதினொண்ணு..."

மூன்றாவது சுற்றில் குரல் இறங்கியது. விரல் மட்டும் தாளில் முன்னும் பின்னும் போய்வந்தது. கமாக்காவுக்கு ஜெயித்துவிட்டோம் என்றெல்லாம் தோன்றவில்லை. பேசாமல் எழுத்துப்பிழையையே பார்த்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"பதினேழு" என்றார் பேராசிரியர், தனக்குத்தானே. "பதினேழுன்னு இருக்கணும். போன வருஷம் நடுவுல ஆறு கேள்வி சேர்த்தேன். எல்லா எண்ணையும் மாத்தினேன். இதை விட்டுட்டேன்." பேனாவை மூடினார். அப்புறம், "ஒண்ணு சொல்லட்டுமா அம்மா? இந்தத் திறவுகோலை நான் ஒரு நாள்கூட உபயோகிச்சதில்லை. ஈயைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுரும். தெரியாதவங்களுக்குன்னு எழுதினேன். தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்துப் பாக்கணும்னு தோணவே இல்லை."

"நான் இருக்கேனே சார்" என்றாள் கமாக்கா. "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

முதலாளி சிரித்துவிட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. எண்ணிக்கைத் தாளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "இதுல மூணு இடத்துல ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. இருக்காதே" என்றார். அன்றைக்கே பரிசோதனைக் கூடத்துக்குப் போய் நுண்ணோக்கியில் குனிந்து, "இது உட்கரு இல்லை, எண்ணெய்த் துளி. பாருங்க, வெளிச்சத்தை மாத்தினா மினுங்கும்" என்று காட்டினார். நாத்தனாரும் கமாக்காவும் மாறி மாறிப் பார்த்தார்கள். மினுங்கத்தான் செய்தது. கமாக்கா சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் தாளிலேயே மூன்று ஒன்பதை அடித்து ஐந்தாக்கினாள். தன் தப்பைத் திருத்தும்போதும் கை அதே நேர்க்கோட்டில்தான் போயிற்று.

புத்தகம் அச்சேறவில்லை. எல்லாப் பாதையிலும் நிஜ ஈயோடு இந்த அம்மா நடந்து பார்க்கும்வரை அச்சேற்ற வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கமாக்காவுக்கு அந்த மழைக்காலம் ஈயும் தாளுமாகப் போயிற்று. பால் சேகரிக்கும் நிலையத்தின் சுவர், குப்பை எடுக்கும் வண்டி நிற்கும் கொட்டகை, அடுக்குமாடியின் படிக்கட்டு ஜன்னல் என்று எங்கே பார்த்தாலும் அண்ணாந்தபடியே நடந்தாள். இரண்டு முறை கம்பத்தில் முட்டிக்கொண்டாள். கணவர், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி ஒன்றைச் சரிசெய்து, ஈக்களுக்குத் தக்கபடி இளங்குளிரில் நிற்கும்படி முடுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அதைத் திறந்து தண்ணீர் தேடக் கூடாது என்று கதவில் ஒரு சீட்டும் ஒட்டினார். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்தாமல் விட்டதுதான் கமாக்கா அவருக்குச் செய்த நன்றி.

மேலும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. கழிவறைச் சுவரில் பிடித்த சின்னஞ்சிறு ஈ ஒன்று மட்டும் முப்பத்தொரு கேள்வியில் எதற்கும் அடங்கவில்லை. பேராசிரியர் பத்து நாள் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துப் பார்த்தார். கடைசியில் அத்தியாயத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்தார்: "மேற்கண்ட எதிலும் அடங்காததற்கு வலிந்து பெயர் சூட்ட வேண்டாம், தனியே எடுத்து வைக்கவும்." புத்தகத்திலேயே நல்ல வரி அதுதான் என்று கமாக்கா நினைத்தாள். ஒரு கமாகூட மாற்றவில்லை.

புத்தகம் வெளிவந்த இரண்டாவது மாதம் வேளாண் அலுவலகத்தில் இருபது கள அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பேராசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உண்மையிலேயே கட்டிக்கொண்டதா என்று நாத்தனாருக்கு இன்றுவரை சந்தேகம். அவருக்குப் பதிலாகக் கமாக்கா போக வேண்டியதாயிற்று. வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நின்று பேசியதில்லை. உள்ளே நுழைந்ததும் பையிலிருந்த அடிக்கோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேசைக்கு ஒரு நுண்ணோக்கி, ஒரு ஈ, ஒரு புத்தகம். இருபது முகங்கள்.

"எல்லாரும் முதல்ல ஈயை மறந்துருங்க" என்றாள். "கேள்வியை முழுசா வாசிங்க. 'அல்லது'ன்னு ஒரு சொல் வரும். அதைத் தாண்டிக் குதிக்காதீங்க."

ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. பக்கம் திருப்புகிற ஓசை, யாரோ நாற்காலியை நகர்த்துகிற ஓசை. அவள் மேசை மேசையாக நடந்தாள். யாருக்கும் விடை சொல்லவில்லை. சிக்கிக்கொண்டவர்களிடம், "எந்த எண்ல நிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதினெட்டுப் பேர் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சாயப்புட்டியைக் கவிழ்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் கனத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் முற்றிலும் வேறொரு பூஞ்சையில் போய் நின்றார்.

"புத்தகம் தப்பு மேடம்" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் கமாக்கா. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். நாற்காலி ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அடிக்கோலை எடுத்து முதல் கேள்விக்கு அடியில் வைத்தாள். "வாங்க, ஆரம்பத்துலேர்ந்து போவோம். நீங்க வாசிங்க."

அவர் வாசித்தார். எட்டாம் கேள்வியில் நின்றார். மீசையைத் தடவினார். மறுபடி வாசித்தார்.

"அட, 'அல்லது'" என்றார்.